வலிக்கிறது என்று சொன்னேன்

சேசு மரி சூசை துணை

பெண்கள் பகுதி, பெருவியாதி ஆஸ்பத்திரி,
கெங்கேரிக்கு அப்பால்
21 ஜூன் 1936

அன்புள்ள கிளாராவின் அப்பாவுக்கு,

கேத்தரின் எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நான் சுகம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். இந்த இடத்திலிருந்து அப்படி எழுதினால் படிக்கிறவருக்கு என்னவோ போலிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் என்னைக் கேட் வாசலில் இறக்கிவிட்டுப் போய் எட்டு நாளாகிறது. ஜட்காக்காரன் வண்டியைத் திருப்பின அவசரத்தில் என் தலையணை வண்டியோடு போய்விட்டது. அதை வீட்டில் யாரும் தொட்டிருக்கமாட்டார்கள். இங்கே ஒன்று கொடுத்திருக்கிறார்கள், கல் மாதிரி. இந்தப் பகுதியில் நாங்கள் இருபத்தாறு பெண்கள். காலையில் கஞ்சி, பத்து மணிக்குப் புண்களுக்குக் கட்டு, செவ்வாயும் வெள்ளியும் ஊசி. நீரடிமுத்து எண்ணெயைத் தடிப்பு இருக்கிற இடத்திலேயே தோலுக்குள் பத்துப் பன்னிரண்டு இடத்தில் குத்தி ஏற்றுகிறார்கள். கன்னத்தில் குத்தும்போது உயிர் போய் வருகிறது. வலிக்கிறது என்று சொன்னேன். கன்னடக்காரக் கம்பவுண்டர், "சும்னே இரும்மா, புதுசா வர்றவங்க எல்லாரும் இதேதான் சொல்றாங்க" என்றார்.

நான் பாடம் நடத்தின பள்ளிக்கூடத்தில் நடந்த அந்த ஒரு நாளையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகளின் கண்ணைச் சோதிக்க வந்த டாக்டர் அவர். நான் கரும்பலகை ஓரமாக நின்றேன். அவர் வகுப்பு வாசலை விட்டு உள்ளே வரவில்லை. என் கன்னத்தைப் பார்த்தார், முந்தானையை விலக்கச் சொல்லிக் கழுத்தைப் பார்த்தார். தொடவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை. தலைமை ஆசிரியையிடம் இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த வார்த்தை தெரியாது. எனக்குத் தெரிந்தது. இரண்டு வருஷமாக அங்கேயே இருக்கிற தடிப்பு. நீங்களும் நானும் அதைப் படை என்று நினைத்து என்னென்னவோ களிம்பு தடவினோம். இதைப் பெருவியாதி என்று உறுதி செய்ய அவருக்கு அரை நிமிஷம் போதுமாயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மேல் பார்க்க வரலாம். கெங்கேரி ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். கிளாராவைக் கூட்டிவர வேண்டாம். நீங்கள் வாருங்கள். அவளுக்குத் தலை பின்னுவது யார்? அத்தைக்கு விரல் நடுங்கும். உங்கள் தங்கை பெர்னதெத்தைப் பின்னச் சொல்லுங்கள், இழுத்துப் பின்ன வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

உங்கள் பிரியமுள்ள மனைவி
கேத்தரின்


காக்ஸ் டவுன்
5 ஜூலை 1936

என் அன்பான கேத்தரினுக்கு,

உன் கடிதம் வந்தது. படித்துவிட்டுச் சாப்பிட முடியவில்லை. கிளாரா சுகம். மேல்பல் ஒன்று விழுந்துவிட்டது, அதைக் கூரையில் எறிந்துவிட்டு மறுநாளே முளைத்துவிட்டதா என்று கண்ணாடியில் பார்க்கிறாள். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நாலு நாளாய் இங்கே தூறல் விடவில்லை.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இனிமேல் உறையின் பின்பக்கம் ஆஸ்பத்திரியின் பெயரை எழுதாதே. நான் தபால் பிரிக்கிற இடத்தில் வேலை செய்கிறவன். உன் கடிதம் முதலில் பக்கத்து மேஜை அலெக்சாண்டர் கையில்தான் விழுந்தது. அவன் அதை என்னிடம் நீட்டினான், எழுந்து போய்க் கை கழுவினான். வேறு எதற்காகவாவது கழுவியிருக்கலாம். ஆனால் அன்று பூராவும் என்னால் தலை நிமிர முடியவில்லை.

நீ கோலாரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேலையாய்ப் போயிருக்கிறாய் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறோம். கோவிலில் பங்குச் சுவாமியாரிடமும் அதையேதான் சொன்னேன். கிளாராவிடமும்தான். பொய்தான். ஆனால் பெர்னதெத்துக்குச் சேலத்திலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. நல்ல இடம். இந்தச் சமயத்தில் வெளியே தெரிந்தால் அவள் கதி என்ன, நீயே சொல். உன் மெத்தையையும் இரண்டு சேலையையும் அம்மா கொல்லையில் போட்டுக் கொளுத்திவிட்டாள். நான் ஆபீசிலிருந்து வருவதற்குள் முடிந்துபோயிற்று.

இந்த ஞாயிறு எனக்கு டூட்டி. அடுத்த ஞாயிறு எப்படியும் பார்க்கிறேன். பொறுமையாய் இரு. எல்லாம் நல்லபடி முடியும்.

உன் அன்புள்ள
சில்வெஸ்டர்


கெங்கேரி
13 செப்டம்பர் 1936

அன்புள்ள கிளாராவின் அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடி உறையின் பின்பக்கம் வெறுமையாய் இருக்கிறது. முகவரி எழுதாத கடிதம் யாரிடமிருந்தோ வந்த மொட்டைக் கடிதாசி மாதிரி இருக்கிறது. உங்கள் ஆபீசில் அதற்குச் சந்தேகப்படமாட்டார்களா?

இன்றோடு பன்னிரண்டு ஞாயிறு. ஒவ்வொரு ஞாயிறும் மூன்று மணிக்கு முகம் கழுவிக்கொண்டு வேப்பமரத்து பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தேன். போன வாரம் முதல் அதை நிறுத்திவிட்டேன். பொறுமையாய் இரு என்று நீங்கள் மூன்று கடிதத்தில் எழுதிவிட்டீர்கள். இனி அந்த வார்த்தையை எழுதாதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இதை நிதானமாய்ப் படியுங்கள்.

என் கட்டிலுக்கு அடுத்த கட்டில் ருக்மிணி. மல்லேஸ்வரத்து ஐயங்கார் வீட்டுப் பெண், வயது இருபத்திரண்டு. பதினைந்து வயதில் கொண்டுவந்து விட்டார்கள். இடது கையில் இரண்டு விரல் மடங்கியிருக்கும், அந்தக் கையாலேயே கோலி விளையாடி எல்லாரையும் ஜெயிப்பாள். வெள்ளிக்கிழமை ஊசி முடிந்து நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். அவள் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அக்கா, நெஜமாவே வலிக்கறதா?"

"பின்னே? வேஷமா போடறேன்?"

"இல்லேக்கா. எனக்குத் தடிப்பு இருந்த எடத்துல கொள்ளிக்கட்டையை வெச்சாலும் தெரியாது. அப்படித்தான் கண்டுபிடிச்சா. அடுப்புல கை சுட்டுண்டு கொப்புளிச்சிருக்கு, நான் பாட்டுக்குப் பாடிண்டே தோசை வார்த்துண்டிருந்தேன். இங்க யாருக்குமே அந்த எடத்துல உணர்ச்சி கெடையாது. ஒனக்கு எப்படி வலிக்கறது?"

பிறகு நானே பெண்கள் பகுதியில் ஒவ்வொருவராய்க் கேட்டேன். அவள் சொன்னது சரி. எனக்கோ தடிப்பின் மேல் எறும்பு ஊர்ந்தால்கூடத் தெரிகிறது. மாதம் ஒருமுறை வரும் பெரிய டாக்டரிடம் சொன்னேன். அவர் என் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "முன்னமே எழுதியாகிவிட்டது" என்றார். நான் விடவில்லை. வெளியே மதராஸில் காட்டி மறுபரிசோதனை செய்ய வழி உண்டா என்று கேட்டேன். உண்டாம். புருஷன் மனு எழுதி, ஊரில் மதிப்புள்ள ஒருவரின் கையெழுத்தும் வாங்கி அனுப்ப வேண்டுமாம். அந்தக் காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். சுவாமியார் கையெழுத்துப் போதும். ஒரே ஒரு காகிதம். கிளாராவின் மேல் ஆணையாய்க் கேட்கிறேன், தாமதிக்காதீர்கள்.

கேத்தரின்


காக்ஸ் டவுன்
8 நவம்பர் 1936

என் அன்பான கேத்தரினுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். பெர்னதெத் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. ஜனவரி கடைசியில் வைத்திருக்கிறோம். சேலத்துக்காரர்கள் இரண்டு தடவை வந்து போனார்கள். உன்னைப் பற்றிக் கேட்டார்கள், கோலாரில் லீவு கிடைப்பது கஷ்டம் என்று அம்மா சமாளித்தாள்.

நீ கேட்ட காகிதத்தை அனுப்பிவிட்டேன். மேலே ஆகவேண்டியது அவர்கள் பாடு. இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும் என்கிறார்கள், அதனால் மனதை அலட்டிக்கொள்ளாதே. வலி இருந்தால் மருந்து வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம் என்று இங்கே ஒருவர் சொன்னார்.

கிளாரா உனக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். 'கோலாரில் தங்கம் தரையில் கிடக்குமா அம்மா' என்று கேட்டிருக்கிறாள். பதில் எழுது. கோலாரிலிருந்து எழுதுகிற மாதிரி எழுது.

சில்வெஸ்டர்


கெங்கேரி
21 பிப்ரவரி 1937

சில்வெஸ்டர் அவர்களுக்கு,

உங்களைப் பெயர் சொல்லி எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பாயிருந்தால் இருக்கட்டும்.

பெர்னதெத் கல்யாணம் நன்றாய் நடந்தது என்று கேள்விப்பட்டேன். உங்கள் கடிதத்தில் இல்லை, இங்கே ரொட்டி கொண்டுவருகிற, நமக்குப் பக்கத்து ஜீவனஹள்ளி ஆள் சொன்னான். நான் வளர்த்த பெண் அவள். சிறுவயதில் அவள் கோவிலில் முதல் நன்மை வாங்க வெள்ளை கவுன் தைத்தவள் நான். போகட்டும்.

நேற்றுப் பெரிய டாக்டர் வந்தார். மறுபரிசோதனை மனு என்ன ஆயிற்று என்று கேட்டேன். ரிஜிஸ்தரை வரவழைத்துப் பார்த்தார். அப்படி ஒரு மனு வரவே இல்லை. செப்டம்பரிலும் இல்லை, நவம்பரிலும் இல்லை. தபால் ஆபீஸ்காரர் அனுப்பின தபால் பத்துப் பன்னிரண்டு மைலில் தொலைந்துபோகுமா?

நவம்பரிலிருந்து இதுவரை முப்பது தடவை ஊசி போட்டிருக்கிறார்கள். குத்தின இடம் பழுத்து உடைந்து இப்போது கன்னம் முன்னைவிட மோசம். ஒவ்வொரு தடவையும், மனு போயிருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு உண்மை வேண்டும். அலங்காரம் இல்லாமல் எழுதுங்கள்.

கேத்தரின்


காக்ஸ் டவுன்
9 மார்ச் 1937

கேத்தரின்,

காகிதம் என் பெட்டியில்தான் இருக்கிறது. சுவாமியார் அறை வாசல் வரை இரண்டு தடவை கொண்டுபோனேன். கோலார் என்று அவரிடம் நானே சொல்லியிருக்கிறேன். அதே வாயால் இதை எப்படிச் சொல்வது? கையெழுத்துக் கேட்ட மறு நிமிஷம் கோவில் முழுக்கத் தெரியும். கல்யாணம் முடியட்டும் என்று இருந்தேன். முடிந்தது. இப்போது பெர்னதெத் உண்டாகியிருக்கிறாள், அவள் மாமியார் வீட்டில் தெரிந்தால் என்னாகும் என்று அம்மா அழுகிறாள்.

நான் கெட்டவன் இல்லை கேத்தரின். பயந்தவன்.

சில்வெஸ்டர்


கெங்கேரி
22 ஆகஸ்ட் 1937

கிளாராவின் அப்பாவுக்கு,

ஐந்து மாதமாக நான் எழுதவில்லை. உங்கள் கடிதங்கள் வந்தன. இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது.

ஜூலையில் இங்கே புதிய டாக்டரம்மா வந்திருக்கிறார்கள். சுப்புலக்ஷ்மி என்று பெயர், மதராஸில் படித்தவர்கள். குள்ளமாய், வேகமாய் நடப்பார்கள், செருப்புச் சத்தம் முதலில் வரும். வந்த வாரமே பழைய சீட்டுகளை மூட்டை கட்டி வைத்துவிட்டு எல்லாரையும் புதிதாய்ப் பார்க்கத் தொடங்கினார்கள். என் முறை வந்தது. கன்னத்தைத் திருப்பிக் காட்டினேன், வலிக்கிறது என்று சொல்லவில்லை. சொல்லிச் சலித்துவிட்டது.

கண்ணை மூடச் சொன்னார்கள். "தொடறப்போ விரலால அந்த இடத்தைக் காட்டுங்க" என்றார்கள். கோழி இறகு. நான் காட்டினேன். மறுபடி காட்டினேன். பிறகு ஊசி முனையும் ஊசித் தலையும், எது கூர், எது மொட்டை என்று சொல்ல வேண்டும். ஒன்றுகூடத் தப்பவில்லை. கண்ணைத் திறந்தேன். டாக்டரம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எத்தனை நாளா உங்களுக்கு இங்கே உணர்ச்சி இருக்கு?"

"எப்பவுமே இருக்குங்க."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

அந்தக் கேள்விக்கு நான் சிரித்தேனாம், பிறகு அழுதேனாம். ருக்மிணிதான் சொன்னாள், எனக்கு ஞாபகம் இல்லை.

அப்புறம் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை என் கன்னத்தில் வைத்து அழுத்திப் பார்த்தார்கள். சிவப்பு மறைந்து உள்ளே பழுப்பாய்ப் புள்ளி புள்ளியாய்த் தெரிந்ததாம். துளி சதையை எடுத்துப் பட்டணத்துக்கு அனுப்பினார்கள். நேற்றுப் பதில் வந்தது. எனக்குப் பெருவியாதி இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. இது தோலில் வருகிற க்ஷயம். இதற்கு வேறு வைத்தியம், விளக்கு வெளிச்சம் காட்டுவதும் மீன் எண்ணெயும். இந்தப் பதினான்கு மாதமும் போட்ட ஊசி எனக்குப் புண்ணைத் தவிர ஒன்றும் கொடுக்கவில்லை.

டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. கேட்க வேண்டியவர்கள் யாரும் கேட்கப்போவதில்லை என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

பெண்கள் பகுதியில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். ஒருத்தி எனக்காகப் பாயசம் வைத்தாள். நான் சாப்பிட்டேன், ஆனால் அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாயிருந்தது. ருக்மிணிக்கு இரண்டு வருஷமாக ஒவ்வொரு பரிசோதனையிலும் கிருமி இல்லை. அவளால் யாருக்கும் ஒட்டாது. அவளைக் கூட்டிப்போகச் சொல்லி அவள் அப்பா கஸ்தூரிரங்கனுக்கு நாலு கடிதம் போயிருக்கிறது. பதில் இல்லை.

கேத்தரின்


காக்ஸ் டவுன்
25 ஆகஸ்ட் 1937

என் கண்ணே கேத்தரின்,

கடிதத்தை ஆபீசிலேயே பிரித்தேன். எல்லார் முன்னும் உட்கார்ந்து அழுதேன். அலெக்சாண்டரிடம் வாசிக்கக் கொடுத்தேன், அவனும் கண் கலங்கினான். வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் முழங்காலில் விழுந்து சர்வேசுரனுக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். பிறகு வாசலுக்கு வந்து, எதிர்வீட்டு ஓஸ்வால்ட் சம்சாரத்திடம், "கேத்தரினுக்குப் பெருவியாதின்னாங்களே, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்களாம்மா! வெறும் தோல் காசந்தானாம்!" என்று தெருவே கேட்கச் சொன்னாள். காசம் என்றால் தும்மலுக்கே பயப்படுகிறவள் அவள்!

சுவாமியாரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உனக்காக நன்றிப் பூசை வைக்கிறேன் என்றார். உன் பள்ளிக்கூடத்திலிருந்தும் விசாரித்தார்கள். ஒரு புது மெத்தை வாங்கியிருக்கிறேன். கிளாராவிடம் அம்மா கோலாரிலிருந்து வருகிறாள் என்று சொன்னேன், தூங்கமாட்டேன் என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் வண்டிக்கே வருகிறேன். மூட்டையெல்லாம் நீ கட்டாதே, நான் வந்து கட்டுகிறேன். பட்டதையெல்லாம் மறந்துவிடுவோம்.

உன்னுடையவனான
சில்வெஸ்டர்


ஒக்கலிபுரம்
9 ஜனவரி 1938

கிளாராவின் அப்பாவுக்கு,

நீங்கள் தும்கூர் டூட்டி முடிந்து வந்த மறுநாள் நான் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். கோபத்தில் போகிறாள், இரண்டு நாளில் வந்துவிடுவாள் என்று அத்தையிடம் நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. அதனால் எழுதிவைக்கிறேன்.

நாலு மாதம் உங்கள் வீட்டில் நன்றாகவே இருந்தேன். அத்தை எனக்குத் தன் தட்டிலேயே சோறு போட்டார்கள். தெருவில் எல்லாரும் வந்து, "தப்பா சொல்லிட்டாங்களாமே, பாவம்" என்று கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்த்தார்கள். அதே கன்னம். அதே தடிப்பு. கிருமி இருப்பதும் நிஜம், பெயர்தான் வேறு. ஒவ்வொருவர் விரல் படும்போதும் எனக்கு உடம்பு கூசியது. இதை உங்களிடம் சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தேன். "பழசை ஏன் கிளறுகிறாய்" என்றீர்கள்.

நான் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு, ருக்மிணி நம் வீட்டுக்கு வந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும். எட்டு வருஷமாய் அவள் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததில்லை. டாக்டரம்மாவின் கடிதத்தைக் காட்டினேன், கிருமி இல்லை என்று எழுதியிருந்தது. படித்தீர்கள். "சரி, பார்க்கலாம்" என்றீர்கள். வெள்ளிக்கிழமை, யாருடைய லீவுக்கோ பதிலாய்த் தும்கூர் டூட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டீர்கள். கேட்டு வாங்கினது என்று அலெக்சாண்டர் சொல்லித்தான் தெரியும்.

அன்று என்ன நடந்தது என்று அத்தை ஒரு மாதிரி சொல்லியிருப்பார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். அவளுக்காகக் கறி சேர்க்காமல் தனியாகச் சமைத்தேன். நல்ல சேலை கட்டிக்கொண்டு, கிளாராவுக்குக் கண்ணாடி வளையல் வாங்கிக்கொண்டு வந்தாள். அத்தை வாழையிலையைக் கொல்லைப்படியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ருக்மிணி, "இருக்கட்டும் அக்கா, இங்க நன்னா காத்து வரது" என்று உட்கார்ந்துவிட்டாள். நான் என் இலையை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கிளாராவும் வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்து ருக்மிணியின் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்தாள்.

அத்தை குழந்தையின் கையைப் பிடித்து இழுத்த வேகத்தில் அவள் படியில் விழுந்து முட்டி சிராய்த்துவிட்டது. "குஷ்டரோகி எலையில கைய வெப்பியா? வெப்பியா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். அப்பளத்தை வாயிலிருந்து தோண்டி எடுத்தார்கள். ருக்மிணி எழுந்தாள். கை கழுவினாள். "எனக்கு வண்டிக்கு நேரமாச்சு அக்கா" என்றாள். வண்டி நாலரைக்கு, அப்போது மணி ஒன்றுகூட ஆகவில்லை. வளையலை எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

நீங்கள் திரும்பி வந்து எல்லாவற்றையும் கேட்டபிறகு என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "அம்மா செய்ததும் தப்புதான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு இருக்கிறது நிஜம்தானே?" என்றீர்கள்.

எனக்கு இருப்பதும் நிஜம் என்றுதான் பதினான்கு மாதம் நீங்கள் நம்பினீர்கள்.

அந்த நிமிஷம்தான் முடிவு செய்தேன். ஆஸ்பத்திரியில் இருக்கிறவர்களின் நோயில்லாத பிள்ளைகளுக்காக டாக்டரம்மா ஒரு பள்ளிக்கூடம் தொடங்குகிறார்கள். நான்தான் டீச்சர். ருக்மிணியை என் பொறுப்பில் வெளியே விட்டிருக்கிறார்கள், அவள் கணக்குச் சொல்லித் தருவாள். இங்கிருந்து ஸ்டேஷன் நடை தூரம், காலை வண்டியில் போய் மாலை வண்டியில் வருவோம். கிளாராவை இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டேன். அவளிடம் கோலாரைப் பற்றியும் சொல்லிவிட்டேன். "அப்பாவும் பொய் சொன்னாரா?" என்று கேட்டாள். பயத்தில் சொன்னார் என்றேன்.

வீடு தேடும்போது எல்லா இடத்திலும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். மூன்றாவது வீட்டுக்காரர் டெஸ்மண்ட், ரயில்வேயில் ஃபிட்டர். டாக்டரம்மாவின் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "கொழாய்த் தண்ணிக்குச் சண்டை போடாம இருந்தா சரிம்மா" என்றார்.

உங்களை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இந்த வீட்டில் உங்களுக்கும் இடம் இருக்கிறது. ருக்மிணி எங்களோடு இருப்பாள், நாம் எல்லாரும் ஒன்றாய்ச் சாப்பிடுவோம். அது முடியுமென்றால் வாருங்கள். பின்பக்க மாடிப்படிக்குப் பக்கத்தில் பச்சைக் கதவு. ஆனால் கடிதம் எழுதாதீர்கள். உங்கள் கடிதங்கள் என்னிடம் ஒரு கட்டு இருக்கின்றன. எழுதினால் நான் பதில் போடமாட்டேன். வாருங்கள்.

கேத்தரின்


காக்ஸ் டவுன்
28 மார்ச் 1938

என் அன்பான கேத்தரினுக்கு,

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. நீ முன்னமே சொன்னதுதான், குறை சொல்லவில்லை.

நேற்று வந்தேன். அம்மாவிடம் சொல்லாமல், பூசை முடிந்ததும் அப்படியே பஸ் ஏறினேன். கிளாராவுக்கு ஒரு ஸ்லேட்டும், உனக்கு மல்லிகைப் பூவும் வாங்கிக்கொண்டேன். டெஸ்மண்ட் வீடு எது என்று கேட்டேன், ஒருவர் கூட வந்து சந்து முனையில் விட்டுப் போனார். பச்சைக் கதவு திறந்திருந்தது. நீங்கள் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தீர்கள். கிளாரா என்னவோ சொல்லி, அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தன் கையால் அவளுக்கு ஒரு வாய் ஊட்டினாள். கிளாரா வாங்கிக்கொண்டாள். நீ ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தாய். நாலாவதாய் ஒரு தட்டு கவிழ்த்து வைத்திருந்தது. வேறு யாருக்காவது இருக்கலாம். எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தடி. கேத்தரின், அதற்குமேல் இல்லை. என் காலை நகர்த்த முடியவில்லை. அந்தப் பெண்ணின் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கிருமி இல்லை என்று எனக்குத் தெரியும், டாக்டர் எழுதினதை என் கண்ணால் படித்தேன். தெரிந்தும் என் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன். ஒரு கிழவி தண்ணீர்க் குடத்தோடு வந்து, "யார் வேணும்பா?" என்று கேட்டாள். வீடு தப்பி வந்துவிட்டேன் என்று சொன்னேன். ஸ்டேஷனில் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பூவை அங்கே யாரோ ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். ஸ்லேட்டைத் தபாலில் அனுப்புகிறேன்.

உனக்கு அது இல்லை என்று தெரிந்தபோது முதல் வண்டி பிடித்து ஓடி வந்தேன். இருந்திருந்தால் வந்திருப்பேனா என்று நீ ஒருநாளும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், வந்திருப்பேன் என்றுதான் சொல்லியிருப்பேன், அதை நானே நம்பியும் இருப்பேன். நேற்று அந்தச் சந்து முனையில் எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

கிளாராவிடம் நான் வந்துபோனதைச் சொல்ல வேண்டாம்.

சில்வெஸ்டர்